ஃபெரிட்டின் ஏறினால் இரும்பு கூடிவிட்டதா?

2020-க்கு முன்னால், உடலில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டின் என்ற சொல்லை மருத்துவர்களும் இரத்தசோகைக்குச் சிகிச்சை எடுத்தவர்களும் தவிர வேறு யாரும் அதிகம் உச்சரித்ததில்லை. கொரோனா காலத்தில் சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின் என்று மூன்று இரத்தப் பரிசோதனைகளும் ஒரே ரிப்போர்ட்டில் வர ஆரம்பித்தன. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு அது பேச்சாகிவிட்டது. ஆனால் பேச்சு பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை.

"ஃபெரிட்டின் 600 இருக்கு, உடம்புல இரும்பு ஜாஸ்தி, முருங்கைக்கீரையை நிறுத்து" என்கிறார் ஒருவர். "ஃபெரிட்டின் நார்மல்தானே, இரும்புச்சத்து மாத்திரை எதுக்கு?" என்கிறார் இன்னொருவர். இரண்டு முடிவுமே தவறாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு. ஃபெரிட்டினை இரும்பின் அளவுகோலாக மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. உடலில் எங்காவது அழற்சி (கிருமி, காயம் போன்றவற்றுக்கு நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் எதிர்வினை) இருந்தாலும் அதே எண் மேலே ஏறும். ஏன் ஏறுகிறது, ஏறுவதால் உடலுக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறவும் மாட்டோம், அலட்சியம் செய்யவும் மாட்டோம்.

இரும்பு இல்லாமலும் முடியாது, சும்மா விடவும் முடியாது

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் வெடிமருந்து இல்லாமல் வேலை இல்லை. அதற்காக மருந்தை மூட்டை மூட்டையாக வேலை நடக்கும் அறையில் குவித்து வைக்க முடியுமா? அதற்கென்று தனிக் கிடங்கு, தடித்த சுவர், பூட்டு. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கொஞ்சமாக எடுத்து வருவார்கள். பக்கத்தில் எங்காவது தீப்பொறி என்று தெரிந்தால் முதல் காரியம், வெளியே கிடக்கும் மருந்தை உள்ளே வைத்துக் கிடங்கை அடைப்பது.

நம் உடலில் இரும்பு அந்த வெடிமருந்து. ஃபெரிட்டின் அந்தக் கிடங்கு. அழற்சிதான் தீப்பொறி பறக்கும் நேரம். இனி உண்மையான வேதியியலுக்கு வருவோம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களில், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி சேமிப்பு. எதனோடும் சேராமல் சும்மா திரியும் இரும்பு மிக மிகக் குறைவு. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

காரணம் ஒரு பழைய வேதிவினை. ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர் 1894-இல் எழுதியது. இன்றும் அவர் பெயரால் ஃபென்டன் வினை என்றே சொல்கிறோம். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்னும் துகள் பிறக்கிறது. இது ஒரு தீவிரமான தனியுறுப்பு. அதாவது, எலக்ட்ரான் ஒன்று ஜோடியில்லாமல் நிற்பதால் பக்கத்தில் எது கிடைத்தாலும் அதைத் தாக்கிவிடும் துகள். செல்லின் சவ்வு, புரதம், டிஎன்ஏ எதையும் அது விட்டுவைப்பதில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஏதோ ஆய்வகத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். நம் செல்கள் மூச்சுவிடும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. கிருமி நுழைந்துவிட்டால் அதைக் கொல்வதற்காகவே வெள்ளையணுக்கள் அதை அதிகமாகத் தயாரிக்கின்றன. அழற்சி நடக்கும் இடத்தில் பெராக்சைடு நிறைய இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஃபெரிட்டின் எப்படி இருக்கும்?

1937-இல் செக் நாட்டு அறிவியலாளர் விலெம் லாஃப்பெர்கர் குதிரையின் மண்ணீரலிலிருந்து ஃபெரிட்டினைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதன் வடிவம் தெளிவானபோது தெரிந்தது இது: 24 புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, உள்ளே வெற்றிடம் கொண்ட ஓர் உருண்டை. வெளிவிட்டம் சுமார் 12 நானோமீட்டர், உள்விட்டம் சுமார் 8 நானோமீட்டர். இவ்வளவு சிறிய உருண்டைக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

அந்த 24 துண்டுகளும் ஒரே வகை அல்ல. எச் சங்கிலி, எல் சங்கிலி என்று இரண்டு வகை. எச் சங்கிலி, வினைபுரியத் துடிக்கும் இரும்பை (இரும்பு-2) அமைதியான இரும்பாக (இரும்பு-3) மாற்றுகிறது. அப்படி மாற்றிய இரும்பு உருண்டைக்குள் துருவைப் போன்ற கனிமமாகப் படிய எல் சங்கிலி உதவுகிறது. கல்லீரலில் எல் அதிகம், இதயத்தில் எச் அதிகம் என்று உறுப்புக்கு உறுப்பு விகிதம் மாறும்.

எச் சங்கிலி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை போதும். அதன் மரபணுவை முழுவதும் நீக்கிய எலிகள் பிறப்பதே இல்லை. கருவிலேயே, மிக ஆரம்பத்திலேயே இறந்துவிடுகின்றன. இரும்பைப் பத்திரமாக வைக்கத் தெரியாத உடலால் உயிரோடு இருக்கவே முடியாது.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியவை இரண்டுதான். சும்மா திரியும் இரும்பு பெராக்சைடோடு சேர்ந்து செல்லைச் சேதப்படுத்தும். ஃபெரிட்டின் அந்த இரும்பை வாங்கி, வினைபுரியாத வடிவத்துக்கு மாற்றி, உள்ளே வைத்துக்கொள்ளும்.

அழற்சி வந்ததும் என்ன நடக்கிறது?

கிருமி, காயம், அல்லது உடல் தன் திசுவையே எதிரியாக நினைத்துத் தாக்குவது என எதுவாக இருந்தாலும், நோயெதிர்ப்பு அமைப்பு காட்டும் பொதுவான எதிர்வினையே அழற்சி. சிவப்பது, வீங்குவது, சூடாவது, வலிப்பது எல்லாம் அதன் வெளி அடையாளங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் நடக்கும் அழற்சியும் உண்டு. உடல் பருமனிலும் கொழுப்புக் கல்லீரலிலும் இருப்பது அந்த வகை.

அழற்சியின்போது நோயெதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை இரத்தத்தில் விடுகின்றன. நமக்கு இங்கே மூன்று பெயர் போதும்: இன்டர்லூகின்-1, டிஎன்எஃப், இன்டர்லூகின்-6. முதல் இரண்டும் செல்களிடம் நேரடியாகவே "ஃபெரிட்டினை அதிகம் தயாரி" என்று சொல்கின்றன. கிடங்கு பெரிதாகிறது.

மூன்றாவதான இன்டர்லூகின்-6 செய்யும் வேலைதான் இந்தக் கதையின் மையம். அது கல்லீரலிடம் போய் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. உடலில் இரும்பு எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று தீர்மானிக்கும் ஹார்மோன் அது. செல்லுக்குள் இருக்கும் இரும்பு இரத்தத்துக்கு வெளியேற ஃபெர்ரோபோர்ட்டின் என்னும் ஒரே ஒரு புரதம்தான் வழி. ஹெப்சிடின் அந்தப் புரதத்தைப் பிடித்து அழித்துவிடுகிறது. வழி அடைபட்டுவிட்டது. உள்ளே இருக்கும் இரும்பு உள்ளேயே நிற்கிறது.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய ஒரு கணக்கு. நாம் உண்ணும் உணவிலிருந்து ஒரு நாளில் உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களைச் செய்ய நாளுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது? மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய விழுங்குசெல்கள் ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை விழுங்கி, அவற்றிலிருந்து இரும்பைப் பிரித்து, திரும்ப இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. ஹெப்சிடின் ஏறினால் இந்த விநியோகம் நின்றுபோகிறது. குடலிலிருந்து வரும் கொஞ்ச நஞ்ச இரும்பும் நிற்கிறது. சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு இறங்கிவிடும். மேக்ரோஃபேஜுக்குள் தேங்கிய இரும்பைப் பத்திரப்படுத்த இன்னும் ஃபெரிட்டின் உருவாகிறது.

ஆக, அழற்சியில் ஃபெரிட்டின் இரண்டு பக்கத்திலிருந்து ஏறுகிறது. தயாரிக்கச் சொல்லி நேரடி உத்தரவு ஒன்று. இரும்பு உள்ளே சிக்கிக்கொள்வதால் ஏற்படும் தேவை இன்னொன்று. உடலின் மொத்த இரும்பு ஒரு துளியும் கூடியிருக்க வேண்டியதில்லை.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது?

ஒரு காரணத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அழற்சியின்போது பெராக்சைடு அதிகம். அந்த நேரத்தில் இரும்பு வெளியே திரிந்தால் கிருமிக்கு விழவேண்டிய அடி நம் திசுவுக்கும் விழும்.

இன்னொன்று, கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் இரும்பு இல்லாமல் பெருக முடியாது. பல பாக்டீரியாக்கள் நம் உடலிலிருந்து இரும்பைப் பறித்துக்கொள்வதற்கென்றே தனி மூலக்கூறுகளைத் தயாரிக்கின்றன. அவற்றின் வாய்க்கு எட்டாமல் இரும்பை ஒளித்துவைப்பது நம் உடலின் மிகப் பழைய தற்காப்புகளில் ஒன்று.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல. தான்சானியாவின் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில், மலேரியா மிகுந்த சூழலில், சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. இரும்பு கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே கடுமையான நோயும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகமாக இருந்ததால் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தோடு கொடுத்த இரும்பு, தவறான நேரத்தில், தவறான இடத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் மலேரியா உள்ள பகுதிகளில் இரும்பு கொடுக்கும்போது மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தத் தொடங்கியது. இரும்பு மாத்திரை கெட்டது என்று இதை வாசிக்கக் கூடாது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அவர்களில் மிகப் பலருக்கு இரும்பு கட்டாயம் வேண்டும்.

இரும்பை ஒளித்துவைப்பதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. சளி, காய்ச்சல் என்றால் நாலு நாளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். காசநோய், முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய்), நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அழற்சி நீடித்தால்? எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போகாமல் இரத்தசோகை வரும். இதை அழற்சி இரத்தசோகை என்கிறோம். கிடங்கு நிறைய இரும்பு இருக்கும். வேலை நடக்கும் இடத்தில் இருக்காது.

ஃபெரிட்டின் அழற்சியைத் தணிக்கிறதா, தூண்டுகிறதா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். செல்லுக்குள் இருக்கும் ஃபெரிட்டின் வேறு, இரத்தத்தில் மிதக்கும் ஃபெரிட்டின் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

செல்லுக்குள் அதன் வேலை தணிப்பது. இரும்பை வாங்கி வைத்துக்கொள்வதால் தனியுறுப்புகள் குறைகின்றன. தனியுறுப்புகள் திசுவைச் சேதப்படுத்துவதோடு நிற்பதில்லை. அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதத்தையும் எழுப்பிவிடுகின்றன. ஆகவே இரும்பைப் பூட்டுவது அழற்சியின் சுழற்சியையே மட்டுப்படுத்துகிறது. 2017-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது இதற்கு இன்னொரு பரிமாணம் தருகிறது. முழு உடலிலும் அல்லாமல் கல்லீரலில் மட்டும் எச் சங்கிலி நீக்கப்பட்ட எலிகளால் செப்சிஸ் என்னும் கடும் தொற்றைத் தாங்க முடியவில்லை. அவற்றின் உடலில் கிருமி அதிகம் என்பதால் அப்படி ஆகவில்லை. அழற்சியின் நடுவே கல்லீரல் இரத்தச் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபெரிட்டின் இல்லாதபோது அது தடைப்பட்டது. கிருமியைக் கொல்வது ஒரு திறமை என்றால், அந்தச் சண்டையின் சேதத்தைத் தாங்குவது இன்னொரு திறமை. ஃபெரிட்டின் அந்த இரண்டாவதற்கு உதவுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

இரத்தத்தில் இருக்கும் ஃபெரிட்டின் விஷயம் சிக்கலானது. பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்களிலிருந்து வெளிவருவது அது. எல் சங்கிலி மிகுந்தது. அதற்குள் இரும்பு மிகக் குறைவு. அதாவது, இரத்தத்தில் ஃபெரிட்டின் நிறைய ஓடுகிறது என்றால் இரத்தத்தில் இரும்பு நிறைய ஓடுகிறது என்று அர்த்தமே இல்லை. இந்த ஃபெரிட்டின் தானாகவே அழற்சியைத் தூண்டுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த ஒரு வகைச் செல்லின் மேல் ஃபெரிட்டினை ஊற்றியபோது என்எஃப்-கப்பா-பி விழித்துக்கொண்டது. இரும்பே இல்லாத வெற்று ஃபெரிட்டினுக்கும் அதே விளைவு. 2009-இல் வந்த இந்த முடிவை வைத்து, ஃபெரிட்டினே எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு.

எதிர்ப்பக்கச் சான்றும் வலுவானது. 1995-இல் விவரிக்கப்பட்ட ஓர் அரிய பரம்பரை நிலை இருக்கிறது. எல் சங்கிலி மரபணுவில் உள்ள ஒரு கோளாறால் சில குடும்பங்களில் ஃபெரிட்டின் வாழ்நாள் முழுக்க மிக உயர்வாகவே இருக்கும். இவர்களுக்கு இரும்பு மிகையும் இல்லை, அழற்சி நோயும் இல்லை. இளம் வயதிலேயே கண்புரை வருவது ஒன்றே தொந்தரவு. ரிப்போர்ட்டைத் தவறாக வாசித்து இரும்பு மிகை என்று இவர்களிடமிருந்து இரத்தத்தை வடித்தால் இரத்தசோகைதான் மிஞ்சும். இரத்தத்தில் ஃபெரிட்டின் உயர்ந்தாலே உடல் எரியும் என்பது உண்மையானால் இந்தக் குடும்பங்கள் இப்படி நலமாக இருக்க முடியாது.

ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. சான்றுகளை வைத்துப் பார்த்தால், செல்லுக்குள் இருக்கும் ஃபெரிட்டின் அழற்சியைத் தணிக்கிறது என்பது உறுதி. இரத்தத்தில் இருக்கும் ஃபெரிட்டின் முதன்மையாக உள்ளே நடப்பதைச் சொல்லும் அடையாளம். சில நோய்களில், சில செல்களில் அது தூண்டவும் செய்யலாம். அவ்வளவுதான் இன்றைக்குச் சொல்ல முடியும் என்பது என் வாசிப்பு.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படி வாசிப்பது?

இரத்தத்தில் ஃபெரிட்டினை நம்பகமாக அளக்க முடிந்தது 1972-இல்தான். அதற்கு முன் இரும்புச் சேமிப்பை அறிய எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்த வேண்டும். எளிய இரத்தப் பரிசோதனை வந்தது பெரிய வரம். ஆனால் அந்த எண் தனியாக நின்று பேசாது.

ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் விஷயம் எளிது. இரும்புக் குறைபாடுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. நம் லேப்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று அச்சிடும். எண் ஒன்றுதான், குழம்ப வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எல்லை 12.

அழற்சி இருந்தால் எல்லை மாறுகிறது. அதே வழிகாட்டுதல், தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவர்களுக்கு 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைபாடு என்று கருதச் சொல்கிறது. சிறு குழந்தைகளுக்கு 30. இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணுக்கு ஃபெரிட்டின் 45. ரிப்போர்ட்டில் அது நார்மல் என்றே அச்சாகியிருக்கும். உண்மையில் அவருடைய இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். அழற்சி அந்த எண்ணை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. "நார்மல்தானே" என்று அவருக்கு மாத்திரையை மறுப்பது அவரைக் களைப்போடும் மூச்சிரைப்போடும் வாழச் சொல்வதாகும்.

அதனால்தான் ஃபெரிட்டினோடு கூட இன்னும் இரண்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. ஒன்று சிஆர்பி, அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதம் இது. சிஆர்பி உயர்ந்திருந்தால் ஃபெரிட்டினை அப்படியே நம்ப வேண்டாம். மற்றது டிரான்ஸ்ஃபெரின் செறிவு. டிரான்ஸ்ஃபெரின் இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம். அதன் இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதே செறிவு. ஃபெரிட்டின் உயர்ந்து, இந்தச் செறிவும் 45 சதவீதத்தைத் தாண்டினால் உண்மையான இரும்பு மிகையா என்று தேட வேண்டும். ஃபெரிட்டின் மட்டும் உயர்ந்து செறிவு 20-க்குக் கீழே இருந்தால் அழற்சியின் பக்கமே சந்தேகம் திரும்பும்.

உண்மையான இரும்பு மிகை யாருக்கு வரும்? ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத மரபுநோயான தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு. ஒரு யூனிட் இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடலுக்கென்று தனி வழி இல்லை. அடுத்து, ஹீமோகுரோமடோசிஸ் என்னும் மரபுநோய் உள்ளவர்களுக்கு. இது வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம், நம்மிடம் அரிது. நம் ஊரில் பரிசோதனையில் ஃபெரிட்டின் 300, 400 என்று வருபவர்களிடம் பொதுவாகக் காண்பது கொழுப்புக் கல்லீரல், நீரிழிவு, மது, உடல் பருமன், அல்லது அண்மையில் வந்துபோன காய்ச்சல். இவர்கள் முருங்கைக்கீரையை நிறுத்துவதால் எதுவும் ஆகப்போவதில்லை. கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

எண் ஆயிரக்கணக்கில், சில சமயம் 10,000-க்கு மேல் போகும் நோய்களும் இருக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் கட்டுப்பாட்டை இழந்து இரத்த அணுக்களையே விழுங்கும் எச்எல்எச் என்னும் நிலை, காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் பெரியவர்களுக்கு வரும் ஸ்டில் நோய் என்னும் அழற்சி நோய் ஆகியவை அப்படிப்பட்டவை. கடும் டெங்கியிலும் மிக உயரும். காய்ச்சல் இறங்காமல் ஃபெரிட்டின் இந்த அளவில் இருந்தால் அது அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

மற்றபடி, காய்ச்சலோடு இருக்கும்போது இரும்புச் சேமிப்பை அறிய ஃபெரிட்டின் பார்ப்பதில் பயனில்லை. உடம்பு சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

மருந்து எங்கே போய்ப் பிடிக்கிறது?

அழற்சி இரத்தசோகைக்கு மாத்திரையாக இரும்பு விழுங்குவது பல சமயம் பலிக்காது. ஹெப்சிடின் உயர்ந்திருப்பதால் குடல் அதை உள்ளே விடுவதில்லை. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றுவது இதனால்தான். அதையும்விட, அழற்சியின் மூலத்தைப் பிடித்தால் இரும்பு தானாகவே அவிழ்கிறது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து இன்டர்லூகின்-6-இன் செய்தி செல்களுக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதை எடுத்துக்கொண்டவர்களிடம் ஹெப்சிடின் இறங்கியது, ஃபெரிட்டின் இறங்கியது, ஹீமோகுளோபின் ஏறியது. மூட்டு வலிக்குக் கொடுத்த மருந்தில் இரும்பு என்று எதுவுமே இல்லை. மேக்ரோஃபேஜ்களுக்குள் அடைபட்டிருந்த அவர்களுடைய சொந்த இரும்புதான் மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்தது.